கோலும் காலும் காதும்

இசை பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், மாலை வேளையில் அவ்வீட்டிலிருந்து எழும் ஓசையைக் கொண்டே, பிள்ளை சாதகம் செய்கிறதா, வெறுமனே வாசித்துக்கொண்டிருக்கிறதா என்று தெருவில் போகிறவர்கூடச் சொல்லிவிடலாம். முன்னரே நன்றாக வரும் பாட்டு ஒன்று தொடக்கமுதல் இறுதிவரை இனிமையாக ஒலித்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்தே ஒலிக்குமாயின் அது வாசிப்பு. நான்கே சுரங்கள், நின்று நின்று, மெல்ல மெல்ல, கேட்பவர் பொறுமையைச் சோதிக்கும் வண்ணம் இருபது முறை ஒலிக்குமாயின் அது சாதகம். வாசிப்பதில் குற்றம் ஒன்றுமில்லை, அதற்காகத்தானே பயில்கிறோம்! ஆயினும் ஒன்றை மற்றொன்றென்று எண்ணி ஆண்டுகள் சிலவற்றைக் கழித்துவிட்டு, “எங்கள் பிள்ளைக்கு இசை வரவில்லை” என்று பெற்றோர் வாத்தியத்தை விற்றுவிடும் நிலை வருந்தத்தக்கது.

இவ்வேற்றுமையை நன்கு காட்டித்தரும் வாத்தியம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையில் இடம்பெறும் வைப்ரஃபோன் அது. நம் வாசகர்களில் அதை நேரில் கண்டவர் சிலரே இருப்பர். ஆகையால் அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் நாட்டு ஜலதரங்கத்தை மனத்தில் கொள்ளுங்கள். கிண்ணங்களுக்குப் பதிலாக அலுமினியக் கலவையாலான பட்டைகள், பியானோவின் வெள்ளைக் கட்டைகளையும் கறுப்புக் கட்டைகளையும் போல, முன்வரிசை பின்வரிசையாக அமைந்திருக்கும். வழக்கமான வாத்தியத்தில் 37 பட்டைகள், மூன்று ஸ்தாயிகள். ஒவ்வொரு பட்டைக்குக் கீழும் ஓர் ஒலிக்குழாய் தொங்கும். குழாய்களின் வாயில் மோட்டாரால் சுழலும் வட்டத் தகடுகள் உண்டு. அவை மாறி மாறித் திறந்து மூடுவதால் ஒலி அலையலையாக நடுங்கும். வாத்தியத்தின் பெயரே இந்த நடுக்கத்தினின்று வந்ததுதான். வாசிப்பவர் நின்றுகொண்டு, நூல் சுற்றிய உருண்டை முனையுள்ள கோல்களால் தட்டுவார். அடியில் ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்தால் பட்டைகள் தடையின்றி நெடுநேரம் ஒலிக்கும். காலை எடுத்தால், மெத்தென்ற துணி பொருத்திய நீண்ட சட்டமொன்று பட்டைகளைத் தொட்டு ஒலியை அடக்கிவிடும்.

இவ்வாத்தியம் பழமையானதன்று. இண்டியானாபோலிஸ் நகரின் லீடி நிறுவனம் 1920-களின் தொடக்கத்தில் இதன் முதல் வடிவத்தைச் செய்தது. சிக்காகோவின் டீகன் நிறுவனம் 1927-இல் அலுமினியப் பட்டைகளையும் பெடலையும் சேர்த்து இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் மேடை வேடிக்கைக்கும், வானொலி நிலையங்களின் மணியோசைக்குமே இது பயன்பட்டது. 1930-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் இசைத்தட்டுப் பதிவுக்குச் சென்றிருந்தபோது, கூடத்தில் கிடந்த வைப்ரஃபோனைக் காட்டி, “இதை வாசிக்க முடியுமா?” என்ற பொருள்பட, குழுவிலிருந்த டிரம்ஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனைக் கேட்டார். இருபத்திரண்டு வயது இளைஞரான ஹாம்ப்டன் அன்றே அதை வாசித்தார். ‘மெமரீஸ் ஆஃப் யூ’ என்னும் பாட்டில் அந்த ஒலி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஜாஸ் இசையில் வைப்ரஃபோனுக்கு இடம் பிறந்தது இவ்வாறே.

இதை ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஹாம்ப்டனின் இளமையைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கராக வளர்ந்த அவர், ஜெபமாலை அன்னையின் பெயர் தாங்கிய பள்ளியொன்றில் பயின்றபோது, டொமினிக்கன் சபைக் கன்னியர் ஒருவரிடம் டிரம்ஸ் பாடம் கேட்டார். மிருதங்கம் பயில்வோருக்குப் பால பாடமான சொற்கட்டுகள் இருப்பதுபோல், மேனாட்டு முழவுக்கும் அடிப்படைத் தட்டு வரிசைகள் உண்டு: வலம் இடம் வலம் இடம், வலம் வலம் இடம் இடம் என்றவாறு. அச்சகோதரி கற்பித்தவை அவ்வரிசைகளே. பின்னர் சிக்காகோவில், மரப்பட்டைகளையுடைய சைலஃபோனையும் ஹாம்ப்டன் பயின்றார். ஆகவே 1930-இல் அந்தக் கூடத்தில் அவருக்குப் புதிதாக இருந்தது வாத்தியந்தான், கை பழையது.

சாதகத்தின் முதற்படி இங்கிருந்தே தொடங்குகிறது. வைப்ரஃபோனில் நின்றவுடன் பாட்டைத் தேடுகிறவர் பலர். நல்ல ஆசிரியரோ, ஒரே பட்டையின்மேல் இரு கோல்களாலும் மாறி மாறித் தட்டச் செய்வார். வலக்கைத் தட்டும் இடக்கைத் தட்டும் கண்ணை மூடிக் கேட்பவருக்கு ஒன்றாகத் தோன்ற வேண்டும். கோல் எழும் உயரம் இரு கைகளிலும் ஒத்திருக்க வேண்டும். தட்டியபின் கோல் தானாகத் துள்ளி எழ விட வேண்டும். பட்டையின் நடுவில் தட்டினால் ஒலி நிறைந்திருக்கும். பட்டைகளைக் கோத்திருக்கும் கயிறு செல்லும் இடத்தில் தட்டினால் செத்துப்போன ஒலிதான் வரும். விரைவாக வாசிக்கும்போது பின்வரிசைப் பட்டைகளின் முன்விளிம்பில் தட்டுவதும் உண்டு. ஆனால் அந்த இடைப்பட்ட கயிற்றுப் பகுதியைக் கை தானாக விலக்கப் பழகும்வரை வேகம் கூடாது. இப்பயிற்சியின்போது மோட்டாரை நிறுத்திவைப்பதே நலம் என்பது நம் கருத்து. ஒலியின் நடுக்கம், தட்டில் உள்ள ஏற்றத்தாழ்வை மூடி மறைத்துவிடும்.

இனிக் காலுக்கு வருவோம். இவ்வாத்தியத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தொடக்க மாணவர் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவதும் இதையே.

நாதசுரத்தில் மூச்சு நின்றால் ஒலி நிற்கிறது. வயலினில் வில் நின்றால் நிற்கிறது. வைப்ரஃபோனில் தட்டிய ஒலி, தட்டியவர் மறந்துவிட்ட பின்னும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தபடியே வாசித்தால், சுரத்தின்மேல் சுரம் ஏறி, மழைநாளில் கலங்கிய குளம் போலாகிவிடும். பெடலைத் தொடாமலே வாசித்தால், தகரத்தில் கல் விழுந்தாற்போல் வறண்டிருக்கும். ஆகவே, ஒவ்வொரு சுரத்தையும் எப்போது தொடங்குவது என்பதோடு, எப்போது முடிப்பது என்பதையும் வாசிப்பவரே தீர்மானித்தாக வேண்டும். பேச்சில் ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லைத் தொடங்குகிறோமே, அதைப் போன்றது இது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காலால். ஒரு சுரத்தொடர் முடிந்து அடுத்தது தொடங்கும் கணத்தில் காலை எடுத்து உடனே மிதிப்பது. முழுவதும் எடுக்காமல் பாதி எடுத்து, துணி பட்டையை மெல்லத் தீண்டுமாறு செய்வதும் உண்டு. அப்போது பழைய ஒலியின் சாயல் மட்டும் மிஞ்சும். மற்றொன்று கோலால். பெடலை மிதித்தபடியே வலக்கோலால் புதிய பட்டையைத் தட்டும் அதே நொடியில், இடக்கோலின் முனையைப் பழைய பட்டையின்மேல் அழுத்தி அதை அடக்குவது. இக்கலையை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் பயிற்சி நூலொன்றை டேவிட் ஃப்ரீட்மன் என்னும் கலைஞர் 1973-இல் வெளியிட்டார். இந்த வாத்தியம் பயில்வோர் இன்றும் அதைத் தேடிச் செல்கின்றனர்.

கோலால் அடக்கும் பயிற்சியை எப்படிச் செய்வது? இரண்டு சுரங்கள் போதும். ச தட்டுக, ரி தட்டும்போதே ச-வை அடக்குக, மீண்டும் ச தட்டும்போது ரி-யை அடக்குக. பழைய ஒலி ஒரு நொடி முந்தி நின்றால் இடையில் ஓட்டை விழும். பிந்தி நின்றால் இரண்டும் கலக்கும். அழுத்தும் கோல் ‘தொப்’ என்று சத்தமிடவும் கூடாது. இவ்விரண்டு சுரங்கள் பழுதின்றி வருவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். பின்னர் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குத் தாவும் அரைச்சுர நெருக்கங்கள். அவை இன்னும் கடினம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோம். இங்கே அடியைவிட அடக்கம் பெரிது.

அடுத்து, கண். பியானோ வாசிப்பவரின் விரல்கள் கட்டைகளைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வைப்ரஃபோன் வாசிப்பவரோ கோல் முனையால் ஒரு நொடி தொட்டுவிட்டு மீண்டும் வெட்டவெளியில் நிற்கிறார். தாளைப் பார்த்தால் பட்டை தெரியாது. பட்டையைப் பார்த்தால் தாள் தெரியாது. ஆகவே, பாடத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஜாஸ் கலைஞர் பாபி ஹட்சர்சன் (1941–2016) இதைத் தம் இளமையில் ஒரு விந்தையான முறையில் கற்றார். கொத்தனாரான தந்தையோடு வேலை செய்து பணம் சேர்த்து வாத்தியம் வாங்கிய அவர், தம் முதற் கச்சேரிக்கு முன், தட்ட வேண்டிய வரிசையைப் பட்டைகளின் மேலேயே கறுப்பு மையால் எண்ணிட்டு வைத்திருந்தாராம். மேடைப் பொறுப்பாளர், பட்டைகள் அழுக்காயிருக்கின்றன என்று எண்ணி, ஈரத்துணியால் அனைத்தையும் துடைத்துவிட்டார்! அன்று என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம். அவரோ அதன்பின் வாத்தியத்தைக் கைவிடவில்லை. அதன் தலைசிறந்த கலைஞருள் ஒருவரானார். குறியிட்டுப் பயிலும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது, குறிகளை வாரம் ஒன்றாக அழித்துவாருங்கள் என்பதே.

அந்த ஹட்சர்சன் இவ்வாத்தியத்தை நாடியது ஓர் இசைத்தட்டைக் கேட்டதனால். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய தினத்தில், மைல்ஸ் டேவிஸ், தெலோனியஸ் மங்க் முதலியோருடன் மில்ட் ஜாக்சன் (1923–1999) வைப்ரஃபோன் வாசித்த பதிவு அது. அதே நாளில் பதிவான ‘பேக்ஸ் குரூவ்’ என்னும் ஜாக்சனின் சொந்த உருப்படி, தொடக்க மாணவருக்கு ஏற்ற பாடம் என்று எண்ணுகிறோம். நான்கு தாளவட்டங்கள் கொண்ட ஒரே சிறு வரி மூன்று முறை திரும்ப வந்து, பன்னிரண்டு தாளவட்டங்களில் முடியும். இப்பன்னிரண்டு வட்ட அமைப்பையே ‘புளூஸ்’ என்பர்.

அதை எழுதிய தாளிலிருந்து கற்பதைவிடக் காதால் கற்பது நன்று. முதல் நாள் கேட்பது மட்டும். இரண்டாம் நாள் உடன் பாடுவது. பாட வராத சுரம் கோலுக்கும் வராது. வந்தாலும் பொருளற்று வரும். குரல் தேறிய பிறகே பட்டைகளில் தேடுவது. ஒரு சுரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். ஒருவர் காட்டிக்கொடுத்த சுரத்தைவிடத் தேடிக் கண்ட சுரம் நெடுங்காலம் நிலைக்கும். ஜாக்சன் சுரத்தைத் தட்டும் முறையில் பாடகரின் மூச்சு தெரிகிறது. ஹாம்ப்டன் தம் வாத்தியத்தின் தகடுகளை நொடிக்கு ஏறத்தாழ 10 சுற்று சுழல விட்டார். ஜாக்சனோ அதை 3.3 அளவுக்குக் குறைத்து, ஒலியை மனிதக் குரலின் மெல்லிய அசைவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்.

ஜாஸ் இசையின் சிறப்பு, நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்று சொல்வதைப் போன்ற கற்பனை வாசிப்பில் உள்ளது. மனோதர்மத்தை எப்படிச் சாதகம் செய்வது என்று சிலர் மலைப்பர். எல்லை வகுத்துக்கொண்டால் வழி பிறக்கும். இன்று இப்பன்னிரண்டு வட்டங்களுக்குள் மூன்று சுரங்களை மட்டுமே கொண்டு கற்பனை செய்வேன். நாளை ஒவ்வொரு தொடருக்கும் பின் அதே அளவு மௌனம் விடுவேன் என்றவாறு. பிடித்த ஒரு சிறு தொடரைப் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசித்துப் பார்ப்பதும் பழைய முறையே. வைப்ரஃபோனில் சுருதி மாறும்போது முன்வரிசை பின்வரிசைத் தாவல்களும் மாறுவதால், எந்தக் கை தொடங்குவது என்பதையும் மாற்றியாக வேண்டும். இதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளாத கைகள் நடுவழியில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். நாளைக்கு ஒரு சுருதி போதுமானது. பன்னிரண்டு நாளில் ஒரு சுற்று.

தாளத்துக்கு மெட்ரோனோம் கருவி உதவும். இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஜாஸ் பயில்வோர் அதை ஒரு தனி விதமாகப் பயன்படுத்துவர். நிமிடத்துக்கு 60 தட்டு என்று அமைத்து, அத்தட்டுகளை 1, 3 என்று எண்ணாமல் 2, 4 என்று எண்ணுவர். பாட்டின் நடை அப்போது 120 ஆகிறது. முதலாம், மூன்றாம் எண்ணிக்கைகளைக் கருவி சொல்லாது. நாமே சுமக்க வேண்டும். முதல் வாரம் இது படாதபாடு படுத்தும். பழகியபின் தாளம் கருவியிலிருந்து உடலுக்குள் இறங்கிவிடும்.

எவ்வளவு நேரம் பயில்வது? பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி இதுவாக இருக்கும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் என்பதைவிட, நாள்தோறும் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்பது பயன் மிக்கது. பெர்லின் நகர இசைக்கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து, ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர்தம் துணைவரும் 1993-இல் வெளியிட்ட கட்டுரையில், மிகச் சிறந்த மாணவர்கள் தனிச் சாதகத்தை இடைவேளை விட்டுப் பகுத்துச் செய்ததையும், பிற்பகலில் சிறுதுயில் கொண்டதையும் காண்கிறோம். கடும் உழைப்பாளிகள் உறங்கவும் தெரிந்தவர்களாயிருந்தனர்!

வேறோர் ஆராய்ச்சியும் இங்கே பொருந்தும். 1979-இல் ஷே, மார்கன் என்னும் இருவர், கையசைத்துச் சிறு மரத்தடைகளைத் தட்டிச் சாய்க்கும் மூன்று வகை வரிசைகளைச் சிலருக்குக் கற்பித்தனர். ஒரு பிரிவினர் முதல் வகையை முழுதும் முடித்து அடுத்ததற்குச் சென்றனர். மற்றப் பிரிவினர் மூன்றையும் கலந்து பயின்றனர். பயிலும் வேளையில் கலந்து பயின்றவர்களே தடுமாறினர். ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தனர். இதை வைப்ரஃபோனுக்குக் கொண்டுவந்தால், தட்டு வரிசையில் ஐந்து நிமிடம், அடக்கும் பயிற்சியில் ஐந்து நிமிடம், புளூஸ் வரியில் ஐந்து நிமிடம், மீண்டும் தட்டு வரிசை என்று சுற்றி வருவது தகும். புதிதாகக் கற்ற ஒன்று முதலில் கையில் படிவதற்குச் சற்று நேரம் அதிலேயே நிற்பதும் தேவைதான். அந்த அளவை ஆசிரியர் அறிவார்.

நான்கு கோல்களைப் பற்றி ஒரு சொல். கேரி பர்ட்டன் (பிறப்பு 1943) ஆறு வயதில் பயிலத் தொடங்கியவர். இண்டியானா மாநிலத்துச் சிற்றூரில் உடன் வாசிக்கத் துணைவர் கிடைக்காமையால், ஒரு கைக்கு இரண்டு கோல் வீதம் பிடித்துத் துணைச் சுரங்களையும் தாமே வாசித்துக்கொண்டார். உள்ளங்கையில் கோல்களைக் குறுக்காகப் பிடிக்கும் அவரது முறை இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1971 முதல் பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக்கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்து, 2017-இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். அவரைக் கண்டு முதல் மாதமே நான்கு கோல் பிடிக்க விரும்பும் பிள்ளைகள் உண்டு. இரண்டு கோலால் அடக்கத் தெரியாதவர் நான்கைப் பிடித்தால் இரைச்சல் இரட்டிப்பாகும். ஜாக்சன் வாழ்நாளெல்லாம் பெரும்பாலும் இரண்டு கோல்களாலேயே வாசித்துப் பெரும்புகழ் பெற்றார் என்பதை நினைவூட்டுகிறோம்.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. வாத்தியம் எதுவாயினும், ஆலயப் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளையாயினும் இது பொருந்தும். விருந்தினர் வந்தால் “அந்தப் பாட்டை வாசித்துக் காட்டு” என்கிறோம், பிள்ளை ஒரே வரியைப் பதினைந்து முறை தட்டினால் “வேறு ஒன்றும் தெரியாதா?” என்கிறோம். பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையானால் இதிலிருந்து உடனே பாடம் கற்றுக்கொள்ளும்: தெரிந்ததை வாசித்தால் புகழ், தெரியாததைப் பயின்றால் ஏச்சு. அன்றோடு சாதகம் நின்றுவிடும். அந்தப் பதினைந்து முறைகளைப் பொறுத்துக்கொள்வதே பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி. அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகும் நேரங்களில், பயிற்சிப் பலகையின்மேலோ தலையணையின்மேலோ தட்டு வரிசைகளைச் செய்யலாம்; வாத்தியம் ஆசிரியர் இல்லத்தில் மட்டுமே உள்ளது என்றாலும் இவ்வழி உதவும். மணிக்கட்டில் வலி கண்டால் அன்று நிறுத்திவிட வேண்டும்.

வாரம் ஒரு முறை கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்கச் செய்யுங்கள். வாசித்த அன்றே கேட்டால், கை நினைத்ததைக் காது கேட்டுவிடும். ஒரு சிறு நோட்டில், அன்று எந்த வரி தடுமாறியது என்பதை மட்டும் பிள்ளை எழுதிவைத்தால், மறுநாள் எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழாது. கடைசி ஐந்து நிமிடம் மோட்டாரையும் போட்டுக்கொண்டு, தவறு நேர்ந்தாலும் நிறுத்தாமல், ஒரு பாட்டை முழுதாக வீட்டாருக்கு வாசித்துக் காட்டட்டும். கடைசிச் சுரம் தானாக அடங்கி, பிள்ளை பெடலிலிருந்து காலை எடுக்கும்வரை யாரும் பேச்சைத் தொடங்காதிருப்பது நல்லது.